கியர்பாக்ஸ் அதிர்வும் ஜாப் கார்டில் ஏறாத புகாரும்: கார் நிறுவனத்துக்கு ஒரு கடிதம்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைவர் அவர்கள்

நகல்: உங்கள் அங்கீகாரம் பெற்ற டீலரின் சர்வீஸ் மேலாளர் அவர்கள்

பொருள்: வாரண்டி காலத்தில் சொன்ன கியர்பாக்ஸ் கோளாறைப் பதிவு செய்யாதது, செய்யாத சோதனையைச் செய்ததாக பில்லில் காட்டியது, ஆயிலைக்கூடப் பார்க்காமல் கியர்பாக்ஸையே மாற்றச் சொன்னது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் ஆட்டோமேட்டிக் காரை வாங்கிய நாள் முதல் எல்லா சர்வீஸையும் உங்கள் டீலரிடம்தான் செய்து வருகிறேன். வண்டி எண்ணும் சேஸிஸ் எண்ணும் இத்துடன் வைத்திருக்கும் ஜாப் கார்டு (சர்வீஸுக்கு விடும்போது புகாரையும் வேலையையும் எழுதும் தாள்) நகல்களில் இருக்கின்றன. இயந்திரம் என்றால் பழுதாகும். அதற்காக யாரையும் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் பழுதைச் சொன்ன நேரத்தில் அதை எழுதிக்கொள்ளாமல் அனுப்பிவிட்டு, வாரண்டி முடிந்த பிறகு "இது புதுப் புகார் சார்" என்று சொன்னால் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

முதலில் கோளாறைச் சொல்லிவிடுகிறேன். வண்டி நன்றாகச் சூடான பிறகு, 50 முதல் 70 கி.மீ. வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடி சீராகப் போகும்போது ஓர் அதிர்வு வருகிறது. சாலையில் போடும் சின்னச் சின்ன வேகத்தடை வரிகள் மேல் வண்டி ஏறிப் போவது போன்ற உணர்வு. இரண்டு மூன்று விநாடிதான், பிறகு நின்றுவிடும். அந்த நேரத்தில் இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளும் மேலும் கீழுமாக ஆடும். காலை எடுத்தால் அதிர்வு இல்லை, அழுத்தி மிதித்தாலும் இல்லை. காலையில் எடுத்தவுடன் ஓட்டினால் சுத்தமாக வராது. இன்னொன்றும் கவனித்தேன்: ஆக்ஸிலரேட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு இடது காலால் பிரேக்கை மெல்லத் தொட்டால் அதிர்வு அந்த நொடியே நின்றுவிடுகிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை தெரிந்தவர்களுக்கு இந்த அடையாளங்களே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். இன்ஜினின் சக்தியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம் டார்க் கன்வர்ட்டர். சீரான வேகத்தில் அதற்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் பிடித்து, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராக இணைக்கிறது. பிரேக்கைத் தொட்டால் வண்டியின் கம்ப்யூட்டர் அந்தப் பிடியை விட்டுவிடும். பிடி விட்டதும் அதிர்வும் நிற்கிறது என்றால் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்பது தெளிவு. கிளட்ச் உறுதியாகப் பிடிக்காமல் பிடித்துப் பிடித்து வழுக்குகிறது. ஆயில் பழையதாகி அதிலுள்ள உராய்வைச் சீராக்கும் சேர்மானங்கள் தேய்ந்துபோனாலும், ஆயில் குறைந்து அழுத்தம் இறங்கினாலும் இப்படி ஆகும். சக்கர பேலன்ஸ் கோளாறு வேறு மாதிரி இருக்கும்: அது வேகத்தைப் பொறுத்தது, ஆக்ஸிலரேட்டரில் கால் எப்படி இருக்கிறது என்பதைப் பெரிதாகச் சட்டை செய்யாது, பெரும்பாலும் ஸ்டீயரிங்கில் தெரியும்.

வாரண்டி முடியச் சில மாதங்கள் இருந்தபோதே இதையெல்லாம் உங்கள் சர்வீஸ் அட்வைசரிடம் சொன்னேன். வாயால் சொன்னால் விட்டுப்போகும் என்று, சர்வீஸுக்கு விடுவதற்கு முந்தைய இரவே டீலரின் மின்னஞ்சல் முகவரிக்கு எழுதியும் அனுப்பினேன். மறுநாள் அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஜாப் கார்டில் வாடிக்கையாளர் புகார் என்ற கட்டத்தில் அவர் எழுதியது "ஜெனரல் செக்-அப்" மட்டும். அதிர்வு என்ற சொல்லே அதில் இல்லை. மாலையில் வண்டியை எடுக்கப் போனபோது, "டெக்னீஷியன் ஓட்டிப் பார்த்துவிட்டார், இந்த கியர்பாக்ஸின் இயல்பே இதுதான்" என்றார். அதே மாடலில் வேறொரு வண்டியை என்னோடு ஓட்டிக் காட்டுங்கள், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றேன். இன்று வண்டி இல்லை என்றார்கள். அப்புறமும் அது நடக்கவில்லை.

டெஸ்ட் டிரைவ் எப்படி நடந்தது என்பதையும் கேட்டேன். சர்வீஸ் சென்டரைச் சுற்றி ஒரு சின்ன வட்டம். இன்ஜின் சூடாகவே அந்தத் தூரம் போதாது. கியர்பாக்ஸ் ஆயில் சூடாக அதைவிட அதிக நேரம் பிடிக்கும். சூடானால்தான் வரும் என்று எழுதிக் கொடுத்த கோளாறைக் குளிர்ந்த வண்டியில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அடுத்த முறை அதிர்வு கூடியிருந்தது. அப்போது சக்கர பேலன்ஸும் அலைன்மென்ட்டும் செய்து அதற்கு பில் போட்டார்கள். எதிர்பார்த்தபடி எந்த மாற்றமும் இல்லை. அதற்கடுத்த முறை நடந்ததுதான் இந்தக் கடிதத்தின் மையம். அந்த பில்லில் "டிரான்ஸ்மிஷன் ஆயில் அளவு சரிபார்க்கப்பட்டது, சரியாக உள்ளது" என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குத் தனியாகக் கூலியும் வாங்கியிருக்கிறார்கள்.

இந்த கியர்பாக்ஸில் ஆயில் அளவு பார்க்க டிப்ஸ்டிக் என்ற அளவுக் குச்சி கிடையாது. உங்கள் நிறுவனத்தின் நடைமுறைப்படியே வண்டியை நான்கு பக்கமும் சமமாக லிஃப்டில் தூக்க வேண்டும். அடித்தட்டைக் கழற்ற வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது கியரை ஒவ்வொரு நிலைக்கும் மாற்றி ஆயிலை எல்லா வழிகளிலும் ஓடவிட வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரில் ஆயிலின் வெப்பநிலையைப் பார்த்து, அது குறிப்பிட்ட அளவுக்குள் இருக்கும்போது லெவல் போல்ட்டைத் திறக்க வேண்டும். ஆயில் மெல்லிய நூலாக வழிந்தால் அளவு சரி, ஒன்றும் வராவிட்டால் குறைவு. சூடு கூடினால் ஆயில் விரியும் என்பதால் வெப்பநிலை தவறினால் அளவும் தவறாகத்தான் தெரியும். மூடும்போது போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போட வேண்டும்.

அன்று பில்லில் வாஷர் இல்லை. அடித்தட்டின் போல்ட்டுகளில் பழைய சேறு காய்ந்து இறுகியபடியே இருந்தது. வண்டியை வெளியே எடுப்பதற்கு முன் குனிந்து படமெடுத்து வைத்திருக்கிறேன். எந்த வெப்பநிலையில் அளவு பார்த்தீர்கள் என்று அட்வைசரிடம் கேட்டேன். பதில் வரவில்லை. செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதிக் கையெழுத்துப் போடுவது சின்ன விஷயமா? அந்த ஒரு வரியை நம்பித்தான் நான் வண்டியைத் தொடர்ந்து ஓட்டினேன்.

அதற்குப் பிறகு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இந்த முறை ஸ்கேனர் போட்டார்கள், ஆனால் அதில் வந்த கோடு (பழுதைக் காட்டும் குறியீட்டு எண்) என்ன என்று எனக்கு எழுதித் தரவில்லை. மறுநாள் போனில் "கியர்பாக்ஸ் முழுவதும் மாற்ற வேண்டும், வாரண்டி முடிந்துவிட்டது" என்று சொல்லி ஒரு மதிப்பீட்டையும் அனுப்பினார்கள். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பேனைக் கழற்றிப் பார்த்தீர்களா, அதிலுள்ள காந்தத்தில் என்ன ஒட்டியிருந்தது என்று கேட்டேன். மெல்லிய சாம்பல் பசை மட்டும் இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். உலோகத் துகள்களோ கிளட்ச் தகட்டின் துண்டுகளோ இருந்தால் உள்ளே பெரிய சேதம் இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு மாற்றச் சொன்னால் வாயை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்வேன். பேனைக் கழற்றவே இல்லை என்று அவர்களே சொன்னார்கள். ஒரு காரின் மிக விலையுயர்ந்த பாகங்களில் ஒன்றை, அதற்குள் என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காமல் தூக்கிப் போடச் சொல்கிறீர்கள்.

நான் வண்டியை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே செய்யும் ஒரு வெளி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அவர்களுடைய ஸ்கேனரில் பி0741 என்ற கோடு பதிவாகியிருந்தது. லாக்-அப் கிளட்ச் சரியாகப் பிடிக்கவில்லை என்பதைக் காட்டும் பொதுவான கோடு இது. கோடு விழுந்த நேரத்தில் இருந்த வேகம், இன்ஜின் சூடு போன்ற விவரங்களும் கூடவே பதிவாகியிருந்தன. அவை நான் முதல் நாள் மின்னஞ்சலில் எழுதியதோடு அப்படியே பொருந்துகின்றன. வண்டியைச் சமமாகத் தூக்கி, ஆயில் 40 டிகிரி இருக்கும்போது லெவல் போல்ட்டைத் திறந்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. கையேட்டில் சொன்ன அதே தரத்திலான ஆயிலைக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் ஊற்றிய பிறகுதான் வழிய ஆரம்பித்தது. ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் குழாயின் இணைப்பில் கசிவு. அதைச் சுற்றிப் பிடித்திருந்த அழுக்கின் கனத்தைப் பார்த்தால் அது புதிய கசிவாகத் தெரியவில்லை என்றார் மெக்கானிக். உள்ளே இருந்த ஆயில் சிவப்பு போய்ப் பழுப்பாகி, கருகிய வாடை அடித்தது. முழுவதையும் வீடியோ எடுத்து வைத்திருக்கிறோம், பழைய ஆயிலின் மாதிரியும் மூடிய பாட்டிலில் இருக்கிறது.

ஆயில் ஊற்றிய பிறகு அதிர்வு நன்றாகக் குறைந்திருக்கிறது, முழுவதும் போகவில்லை. மற்ற வேலைகளை வேண்டுமென்றே அங்கே செய்யவில்லை. நீங்களே வந்து பார்த்து முடிவு சொல்ல வேண்டும் என்பதற்காக நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இங்கே இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். இதற்கு முன்பே கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றித் தரும்படி உங்கள் டீலரிடம் கேட்டேன். "இது சீல் போட்ட கியர்பாக்ஸ், ஆயுள் முழுக்க ஆயில் மாற்றத் தேவையில்லை" என்று மறுத்துவிட்டார்கள். உங்கள் கையேட்டிலேயே கடினமான பயன்பாடு என்று ஒரு பகுதி இருக்கிறது. நின்று நின்று நகரும் நெரிசல், கடும் வெயில், மலைப்பாதை, பாரம் இழுப்பது ஆகியவை இருந்தால் ஆயிலை மாற்றச் சொல்லி அதில் கிலோமீட்டர் கணக்கே போட்டிருக்கிறது. பல கார் நிறுவனங்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனம், தன் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 ஆண்டுக்குள் ஆயில் மாற்றும்படி பரிந்துரைக்கிறது. என் வண்டியில் இருப்பது அவர்களுடையது அல்ல. ஆனாலும் ஆயில் சூட்டில் கெடும், உராய்வில் அழுக்காகும் என்பது எல்லா கியர்பாக்ஸுக்கும் ஒன்றுதான். கையேடு ஒன்று சொல்ல, கவுன்டரில் இருப்பவர் வேறொன்று சொன்னால் வாடிக்கையாளர் யாரை நம்புவது?

லிஃப்டுக்குக் கீழே வேலை செய்யும் இளைஞர்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஒரு வண்டிக்கு இத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டு வேலை தரும்போது, ஆயில் சூடாகும்வரை காத்திருக்க அவர்களுக்கு ஏது நேரம்? ஒவ்வொரு சர்வீஸுக்குப் பிறகும் "தலைமை அலுவலகத்திலிருந்து போன் வரும், 10க்கு 10 கொடுத்துவிடுங்கள் சார்" என்று அட்வைசர் கேட்டுக்கொள்கிறார். அந்த மதிப்பெண்ணைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள், ஜாப் கார்டுகளைப் பார்ப்பதில்லை என்று நினைக்கிறேன். என் வண்டியின் ஜாப் கார்டுகளை மின்னஞ்சல்களோடு சேர்த்து வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

நான் கேட்பவை இவை. கியர்பாக்ஸ் அதிர்வை வாரண்டி காலத்திலேயே தெரிவித்தேன் என்பதை, மின்னஞ்சலின் தேதியோடு, வண்டியின் சர்வீஸ் பதிவில் சேர்க்க வேண்டும். அதன்படி இந்தக் கோளாறை வாரண்டிக்கு உட்பட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டும். டீலரின் ஆள் அல்லாத உங்கள் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பொறியாளர் ஒருவர், நானும் உடனிருக்கும்போது, சூடான வண்டியை ஓட்டிப் பார்த்து, பேனைக் கழற்றி, கோடுகளையும் எண்ணெய் அழுத்தத்தையும் எழுத்தில் தர வேண்டும். இந்தக் கோளாறுக்காக உங்கள் நிறுவனம் டீலர்களுக்குத் தொழில்நுட்பச் சுற்றறிக்கை ஏதும் அனுப்பியிருந்தால் அதையும் காட்ட வேண்டும். சில மாடல்களில் ஆயிலை மாற்றி, கம்ப்யூட்டரின் மென்பொருளைப் புதுப்பித்து, கிளட்ச் பிடிப்பை அது மறுபடி கற்றுக்கொள்ள வைத்தாலே இத்தகைய அதிர்வு போய்விடுகிறது. அந்தப் படியையெல்லாம் தாண்டி ஒரேயடியாகப் புது கியர்பாக்ஸுக்குப் போக நான் சம்மதிக்க மாட்டேன். சோதனையில் டார்க் கன்வர்ட்டரோ மற்ற பாகங்களோ போய்விட்டது என்று தெரிந்தால், கசிவைக் கவனிக்காமல் ஓடவிட்டதால் வந்த சேதம் அது என்பதால், செலவு என்னுடையது அல்ல. செய்யாத ஆயில் அளவுச் சோதனைக்கும் தேவையில்லாத சக்கர வேலைகளுக்கும் வாங்கிய தொகையைத் திருப்பித் தர வேண்டும். அந்தப் பொய்யான வரியை யார் எழுதச் சொன்னார்கள் என்பதற்கு சர்வீஸ் மேலாளர் விளக்கம் தர வேண்டும்.

மின்னஞ்சல், ஜாப் கார்டுகள், பில்கள், அடித்தட்டின் படங்கள், வெளி ஒர்க்‌ஷாப்பின் அறிக்கை ஆகியவற்றின் நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன். அசல்களும் வீடியோவும் ஆயில் மாதிரியும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் பொறியாளர் வரும்போது காட்டுகிறேன். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதிலை எழுத்தில் அனுப்புங்கள், போனில் வேண்டாம். பதில் வராவிட்டால் இதே ஆவணங்களோடு நுகர்வோர் அமைப்பை அணுகுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்