சட்டம் படித்த எம்.எல்.ஏ.க்களுக்கு: உங்கள் தொகுதியின் கிளைச் சிறைக்கு ஒருமுறை போய்வாருங்கள்

தமிழ்நாடு சட்டமன்றத்தில் இருக்கும் வழக்கறிஞர்களுக்கு,

வணக்கம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜாமீன் மனுக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வழக்கறிஞன் எழுதுகிறேன். உங்களில் பலர் எங்களோடு இதே வராந்தாவில் நின்றவர்கள்தான். கட்சி எதுவாக இருந்தாலும், எஃப்.ஐ.ஆர். எப்படிப் பதிவாகிறது, வாய்தா எப்படித் தள்ளிப்போகிறது, ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஒரு குடும்பம் எப்படி அலைகிறது என்பதை உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த உரிமையில்தான் உங்களிடம் வி.ஆர். கிருஷ்ணய்யரைப் பற்றிப் பேச வருகிறேன்.

உச்ச நீதிமன்ற நீதிபதியாகத்தான் அவரை நமக்குத் தெரியும். அவருடைய ஆங்கிலம் அவ்வளவு கடினம் என்பதால், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருடைய தீர்ப்புகளைப் படித்தோம். ஆனால் நீதிபதி நாற்காலிக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் ஒரு எம்.எல்.ஏ. அதுவும் சென்னை சட்டமன்றத்தில் உட்கார்ந்தவர்.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவும் வழக்கறிஞர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, சென்னையில் சட்டம் முடித்து, 1938இல் தலச்சேரியில் தொழிலைத் தொடங்கினார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். தொழிலாளர்களும் குத்தகை விவசாயிகளும் அவரைத் தேடி வந்தார்கள். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்கிறார் என்று குற்றம்சாட்டி, 1948இல் அவரையே ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். 1952 தேர்தலில் கூத்துப்பறம்பில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். ராஜாஜியும் அவருக்கு அடுத்துக் காமராஜரும் முதலமைச்சராக இருந்த அவை அது. மாநில மறுசீரமைப்பில் மலபார் கேரளத்தோடு சேர்ந்த பிறகு, 1957இல் தலச்சேரியிலிருந்து மறுபடியும் வென்று, கேரள முதலமைச்சர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் அமைச்சரானார். சட்டம், மின்சாரம், பாசனம் என்று பல துறைகள். அவற்றில் சிறைத் துறையும் ஒன்று.

இந்த இடத்தில்தான் நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். கைதியாக உள்ளே இருந்தவர் பத்தாவது வருடத்துக்குள் அதே துறைக்கு அமைச்சர். சிறைச் சீர்திருத்தம், சட்ட உதவி என்று அவர் அன்று எடுத்த வேலைகளை மத்திய அரசு முடிக்க விடவில்லை. 1959 ஜூலை 31 அன்று அந்த அரசு கலைக்கப்பட்டது. அவர் திரும்பவும் வழக்கறிஞர் தொழிலுக்கு வந்தார். 1968இல் கேரள உயர் நீதிமன்றம், பிறகு சட்ட ஆணையம், 1973இல் உச்ச நீதிமன்றம். அரசியல்வாதியைப் போய் நீதிபதியாக்குவதா என்று அப்போது எதிர்ப்பும் கிளம்பியது. என்னைக் கேட்டால், அரசியலில் இருந்ததால்தான் அவர் அப்படிப்பட்ட நீதிபதியானார். தொகுதி மக்களின் குறையைக் கேட்டுப் பழகிய காது அது.

1978இல், தன்னைத் தனிமைச் சிறையில் வைத்ததை எதிர்த்துத் தூக்குத் தண்டனைக் கைதி சுனில் பத்ரா போட்ட வழக்கு வந்தபோது, தலைமை நீதிபதி பேக், நம் தமிழ்நாட்டு நீதிபதி கைலாசம், கிருஷ்ணய்யர் மூவரும் திகார் சிறைக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். மறு வருடம் அதே பத்ரா, இன்னொரு கைதியை வார்டர் பணத்துக்காகச் சித்திரவதை செய்ததைக் கடிதமாக எழுதி அனுப்பினார். வக்காலத்து இல்லை, கோர்ட் ஸ்டாம்ப் இல்லை. அந்தக் கடிதமே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. சிறைக்குள் புகார்ப் பெட்டி வைக்க வேண்டும், வழக்கறிஞர்கள் போய்க் கைதிகளைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் கிருஷ்ணய்யர் தீர்ப்பில் உத்தரவிட்டார். 1948இல் பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தவர் என்பது அந்தத் தீர்ப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் எனக்குத் தெரிகிறது.

இதையெல்லாம்விட நான் உங்களிடம் கொண்டுவர விரும்புவது மோதிராம் வழக்கு. அதே 1978. மத்தியப் பிரதேசத்தில் ஒரு ஏழைக் கொத்தனார். உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்துவிட்டது. ஆனால் கீழ்க்கோர்ட் மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். கிருஷ்ணய்யர் அதை 1,000 ரூபாய் சொந்தப் பிணையாக மாற்றி அவரை விடச் சொன்னார். கூடவே ஒரு கேள்வி கேட்டார்: ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால், அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார்?

அந்தக் கேள்வியை இன்று நம் ஊரில் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். ஒடிசாவிலிருந்து பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த ஒருவர். செல்போன் திருட்டு வழக்கு. ஜாமீன் கிடைத்தது. நிபந்தனை: ஜாமீன்தாரர் இரண்டு பேர், அதில் ஒருவர் ரத்த உறவு. அண்ணன் ரயிலேறி வந்தார். கையில் ஊர் நிலத்தின் பத்திரம், ஒடியா மொழியில். இங்கே வி.ஏ.ஓ. சான்று வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும் என்றார்கள். வாடகை அறையில் எட்டுப் பேரோடு படுத்துக்கொள்கிறவரிடம் வீட்டு வரி ரசீது ஏது? அழைத்து வந்த ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. அண்ணன் அந்தப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் திரும்பப் போட்டு, ஓரங்களை மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். தம்பி உள்ளேயே இருந்தான். ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே இருந்தான்!

வெளிமாநிலத்தவர் கதை மட்டும் இல்லை இது. வேலூரில் கைதாகும் ராமநாதபுரத்துக்காரருக்கும், குடும்பம் கைவிட்ட பெண்ணுக்கும் இதே கதைதான். நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதைப் பற்றியே வழிகாட்டுதல்கள் கொடுத்தது. ஜாமீன் உத்தரவின் நகல் சிறைக் கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சலில் போக வேண்டும். ஏழு நாளில் விடுதலை ஆகாவிட்டால் அவர், ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற நிபந்தனையால் விடுதலை தாமதமானால் அதை விதிக்காமல் விடலாம். மோதிராம் தீர்ப்பு வந்து 45 வருடம் கழித்து அதையே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை உதவி என்று அப்போது சொன்னார்கள். உங்கள் மாவட்டத்தில் அதில் ஒரு ரூபாயாவது செலவானதா என்று கேட்டிருக்கிறீர்களா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. சிறைகள் மாநிலப் பட்டியலில் இருக்கும் பொருள், அதாவது உங்கள் பொறுப்பு. 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு, சிறைப் பார்வையாளர் குழுவில் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் இடம் வைத்திருக்கிறது. உங்கள் தொகுதியில் கிளைச் சிறை இருந்தால் ஒரு நாள் போங்கள். மாலை, பொன்னாடை, போட்டோ எதுவும் வேண்டாம். கண்காணிப்பாளரிடம் ஒரே ஒரு பட்டியல் கேளுங்கள்: ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளுக்கு மேல் ஆகியும் வெளியே போகாதவர்கள் யார் யார், என்ன காரணம்? கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். அதில் இருக்கும் மனிதர்களிடம் நேரில் பேசுங்கள். அப்புறம் பட்ஜெட் கூட்டத்தொடரில் சிறைத் துறைக்கான நிதி ஒதுக்கீடு, அதாவது மானியக் கோரிக்கை, விவாதத்துக்கு வரும்போது, மாநிலம் முழுவதற்குமான எண்ணிக்கையை அமைச்சரிடம் கேளுங்கள். ஆளுங்கட்சி உறுப்பினர் கேட்டாலும் சரி, எதிர்க்கட்சி உறுப்பினர் கேட்டாலும் சரி, பதில் அவைக் குறிப்பில் ஏறும். அவைக் குறிப்பில் ஏறிய எண்ணை வைத்துக்கொண்டு நாங்கள் உயர் நீதிமன்றத்தில் வாதாட முடியும்.

உங்களோடு கூட வர, பட்டியல் தயாரிக்க, மனு எழுத இங்கே ஜூனியர் வழக்கறிஞர்கள் நிறையப் பேர் தயாராக இருக்கிறார்கள். கட்டணம் கேட்க மாட்டார்கள். நீங்கள் தேதி சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வராந்தாத் தோழன் ஒருவன்