முதலில் கூரை, பிறகு குசினி

ஆரையம்பதி,
பங்குனி

அன்புள்ள மகளுக்கு,

குசினிக்கு டைல்ஸ் பதிக்கவும் பேன்ட்ரி கபேட் அடிக்கவும் நீ அனுப்பிய காசு கிடைத்தது. மருமகனிடமும் சொல்லிவிடு. ஆனால் அந்தக் காசில் முதலில் கூரையைத்தான் பார்க்கப் போகிறேன். கோபிக்காதே பிள்ள, காரணத்தைக் கேள்.

மாரி முடிந்து ஓடு காய்ந்ததும் கூரை வேலை செய்யும் பாஸைக் கூப்பிட்டு மேலே ஏற்றினேன். குசினிப் பக்கத் தாழ்வாரத்தில் ஓட்டைத் தாங்கும் சரிவு மரமான ஒரு கைமரத்தின் நுனி கறுத்திருந்தது. அவர் ஒரு ஆணியை அதில் வைத்து விரலால் அழுத்தினார். சுத்தியலே தேவைப்படவில்லை, தலை வரைக்கும் இறங்கிவிட்டது. மேலே இரண்டு ஓடு வெடித்து, மழை நாள் முழுக்க அங்கேதான் ஒழுகியிருக்கிறது. கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதற்குக் கீழே புதுக் கபேட்டை அடித்தால் அடுத்த கார்த்திகையில் பலகை ஊறிப் பொருமிவிடும்.

1978 நவம்பர் 23 மட்டக்களப்புச் சூறாவளியைக் கண்டவள் நான். காற்று தாழ்வாரத்துக்குக் கீழே புகுந்துதான் கூரையைத் தூக்கும். அதனால் உக்கிய கைமரங்களை மாற்றும்போதே, எல்லாக் கைமரத்தையும் சுவருக்கு மேல் படுத்திருக்கும் சுவர்வளை மரத்தோடு இரும்புப் பட்டியும் போல்ட்டும் போட்டு இறுக்கச் சொல்லியிருக்கிறேன். வெறும் ஆணி போதாது. கடல் காற்றுக்குச் சாதாரண இரும்பு துருப்பிடித்துவிடும், துத்தநாகம் பூசியதுதான் வாங்க வேண்டும். கொஞ்சம் விலைதான், பரவாயில்லை. இது உனக்குச் சீதனமாக எழுதிய வீடு. நான் இருக்கும்போதே அதை உறுதியாக்கித் தர வேண்டும்.

சுவர்ப் பூச்சும் கச்சான் காற்று தொடங்குமுன் முடிய வேண்டும். அந்தச் சூட்டுக் காற்றில் பூச்சு இறுகுமுன் காய்ந்து வெடித்துவிடும். இப்போது பூசினாலும் ஒரு கிழமையாவது தண்ணீர் தெளித்து ஈரமாக வைக்க வேண்டும், அதை நானே பார்த்துக்கொள்வேன். மணல் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடல் மணல் கலந்தால் அந்த உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் தின்றுவிடும். பெயின்ட் கடைசியில்தான்.

சரி, உன் வீட்டுக்கு வருவோம். டொரன்டோவில் இனி பனி உருகும் காலம். பேஸ்மென்டில் பேரனுக்கு அறை அடிக்கப் போவதாகச் சொன்னாய். அவசரப்படாதே. பனி முழுக்க உருகி, ஒன்றிரண்டு பெருமழையும் பெய்யட்டும். ஒவ்வொரு முறையும் கீழே போய்ச் சுவரடியைத் தொட்டுப் பார். வெள்ளையாக உவர் பூத்திருக்கிறதா, பூஞ்சண வாசம் வருகிறதா என்று கவனி. ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒன்றிரண்டு நாள் விட்டுவை. சுவரோடு ஒட்டிய பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் பலகை அடித்து மூடினால், பிள்ளை படுக்கிற அறையின் சுவருக்குள்ளே பூஞ்சணம் பிடிக்கும். பிறகு அவனுக்கு இருமலும் இழுப்பும்தான். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயையும் பார். அது சுவரடியில் விழாமல் ஆறடியாவது தள்ளிப் போய் விழ வேண்டும். வீட்டைச் சுற்றி மண் உட்பக்கம் சரிந்திருந்தால் நிரப்பி, வெளிப்பக்கம் சரிவாக்கச் சொல். நகரசபை அனுமதி தேவையா என்று கேட்டுப் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்கு.

திங்கட்கிழமை பாஸ் ஓடு இறக்க வருகிறார். அதற்கு முன் ஒருக்கா போன் எடு. குசினிக்கு என்ன நிறம் வேண்டும் என்று இப்போதே யோசித்து வை. நிலத்துக்கு மட்டும் வழுக்காத டைல்ஸாகப் பார், அப்பாவுக்கு முழங்கால் வலி இன்னும் குறையவில்லை.

அன்புடன்,
அம்மா