குண்டிக்காயை வெட்டிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திற

சிவமயம்

காரைக்குடி

அன்பு மகள் உமையாளுக்கு ஆத்தா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அங்கே ஹாஸ்டல் சாப்பாடு எப்படி இருந்தாலும் காலைச் சாப்பாட்டை விட்டுவிடாதே.

நர்சிங் முதலாண்டில் உடற்கூறியலும் உடலியங்கியலும்தான் மலைப்பாக இருக்கிறது, பெயர்களை நெட்டுருப் போட்டே ராத்திரி போய்விடுகிறது என்றாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் எழுதுகிறேன்.

பெயர்களைக் கொஞ்சம் ஒதுக்கி வை. எந்த உறுப்பைப் படிக்க உட்கார்ந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேள்: உடம்பில் எது மாறாமல் இருப்பதற்காக இது உழைக்கிறது? அது பிடிபட்டுவிட்டால் ஏன் இந்த வடிவம், ஏன் இந்த இடம், ஏன் ஒரு குழாய் அகலம், இன்னொன்று குறுகல் என்பதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வரும். பெயர் அப்புறம் தானாக ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி கேட்காமல் முதலில் மனதில் ஏற்றவேண்டியது ஒன்றுதான்: உடற்கூறியல் நிலை. நேராக நிற்க வேண்டும், முகமும் பாதங்களும் முன்னோக்கி, கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கைகள் முன்பக்கம் பார்த்து. நோயாளி குப்புறக் கிடந்தாலும் மேல், கீழ், முன், பின் என்பதெல்லாம் இந்த நிலையை வைத்துத்தான். உள்ளங்கை ஏன் முன்னே பார்க்க வேண்டும்? அப்போதுதான் முன்னங்கையின் ரேடியஸ், அல்னா இரண்டும் இணையாக நிற்கும். இப்போதே உன் முன்னங்கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு உள்ளங்கையைக் கவிழ்த்துப் பார். கட்டைவிரல் பக்கத்து எலும்பு மற்றதன்மேல் குறுக்காகப் புரள்வது கைக்குத் தெரியும். அதுதான் ரேடியஸ்.

வலது, இடது என்றால் நோயாளியின் வலது, இடது. சி.டி. ஸ்கேனின் குறுக்குவெட்டுப் படம், மல்லாந்து படுத்தவரை அவருடைய காலடியில் நின்று பார்ப்பது போல இருக்கும். அதனால் வலப்பக்கத்து ஈரல் உன் கண்ணுக்கு இடப்பக்கம் தெரியும். இதில் தடுமாறுகிற பிள்ளைகள் நிறைய.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். உடம்பின் உட்சூழல் மாறாமல் இருந்தால்தான் உயிர் வாழ முடியும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் கிளாட் பெர்னார்ட் சொன்னார். அதற்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று 1926இல் பெயர் வைத்தவர் அமெரிக்காவின் வால்டர் கேனன். எல்லா இடத்திலும் அமைப்பு ஒன்றுதான்: மாற்றத்தை உணர ஒன்று, ஒப்பிட்டு முடிவெடுக்க ஒன்று, செய்து முடிக்க ஒன்று. ஏறினால் இறக்கும், இறங்கினால் ஏற்றும். பிரசவத்தில் ஆக்சிடோசின் ஹார்மோன் வலியைக் கூட்டிக்கொண்டே போவது போன்ற எதிர்மாறான ஏற்பாடுகள் சிலவே. அவை குழந்தை பிறந்ததும் முடிந்துவிடும்.

நம்மூர்க் கத்திரி வெயிலையே எடுத்துக்கொள். மூளையின் ஹைப்போதலாமஸ் சுமார் 37 டிகிரி செல்சியஸைக் குறியாக வைத்திருக்கிறது. ரத்தம் சூடேறினால் தோலின் ரத்தக் குழாய்கள் விரியும், வேர்க்கும். ஒரு லிட்டர் வேர்வை ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். புழுக்கத்தில் சொட்டி வழிகிற வேர்வை உப்பையும் தண்ணீரையும் கொண்டுபோகுமே தவிர உடம்பைக் குளிர்விக்காது.

இங்கேதான் காய்ச்சலையும் வெப்ப வாதத்தையும் (ஹீட் ஸ்ட்ரோக்) பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். காய்ச்சலில் குறியே 39க்கு உயர்ந்துவிடுகிறது. உடம்பு 37இல் இருந்தாலும் மூளைக்கு அது குளிர்ச்சி. அதனால்தான் குளிரும் நடுக்கமும், போர்வையை இழுத்துக்கொள்வதும். குறியை உயர்த்துவது புரோஸ்டகிளாண்டின் என்ற ரசாயனம். அதைத் தடுத்துக் குறியை இறக்குவதால் பாரசிட்டமால் வேலை செய்கிறது. வெயிலில் விழுந்தவருக்குக் குறி 37இலேயே இருக்கிறது, குளிர்விக்கும் ஏற்பாடு தோற்றுவிட்டது. உடம்பு 40ஐத் தாண்டி, பேச்சு குழறினால் மாத்திரையைத் தேடாதே. துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனி சிறுநீரகம். பொங்கல் லீவுக்கு நீ வரும்போது கறிக்கடையில் ஆட்டுக் குண்டிக்காய் இரண்டு, சுற்றிய கொழுப்போடு அப்படியே தரச் சொல்கிறேன். அந்தக் கொழுப்பை முதலில் கையால் உரி. மனுசருக்கும் சிறுநீரகத்தை இடத்தில் தாங்கிப் பிடிப்பது இதுதான். அடுத்து, மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை நகத்தால் கிள்ளி இழு. நல்ல சிறுநீரகத்தில் வழுக்கிக்கொண்டு வரும். நாள்பட்ட நோயில் அது சதையோடு ஒட்டிப் பிய்ந்து வரும். குழிந்த பக்கத்தில் மூன்று குழாய் தேடு: சுவர் மெலிந்து சப்பையாகக் கிடப்பது சிரை, சுவர் தடித்து வாய் திறந்திருப்பது தமனி, வெளுத்துக் கெட்டியாக இருப்பது சிறுநீர்க் குழாய்.

கூரான கத்தியை வளைந்த முதுகுப்பக்கத்தில் வைத்து, குழியை நோக்கி ஒரே இழுப்பில் அறு. முன்னும் பின்னுமாக ரம்பம் போல் அறுத்தால் கோடுகள் குழம்பிவிடும். வெளிவட்டம் செம்பழுப்பாக, பொடிப்பொடியாக இருக்கும். அது கார்டெக்ஸ். உள்ளே கோடு கோடாக நடுவை நோக்கி ஓடுவது மெடுல்லா. பொடி ஏன், கோடு ஏன்? வடிகட்டும் ரத்த முடிச்சுகளான குளோமருலஸ்கள் எல்லாம் கார்டெக்ஸில் இருக்கின்றன. நீண்டு இறங்கி ஏறும் ஹென்லே வளைவுகளும் சேகரிப்புக் குழாய்களும் மெடுல்லாவில் நேர்கோடாகப் போகின்றன. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே: ஆட்டுக்கு மெடுல்லா ஒரே மேடாக இணைந்திருக்கும். மனுசருக்கு அது 8 முதல் 18 வரை தனித்தனிப் பிரமிடுகள். பரீட்சையில் ஆட்டுடையதை வரைந்துவிடாதே.

இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து 300 கிராம் இருக்கும். அதற்கு இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகிறது, நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் அதிகமாக. தன் பசிக்கு அவ்வளவு வேண்டியதில்லை, சுத்தம் செய்யத்தான். நிமிடத்துக்கு 125 மில்லி வடிகிறது, நாளுக்கு 180 லிட்டர். உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவே மூன்று லிட்டர்தான் என்பதால், அது நாளுக்கு 60 தடவை வடிகட்டப்படுகிறது. வெளியே வருவதோ ஒன்றரை லிட்டர். எதற்கு இத்தனையும் வடித்து, அத்தனையும் திரும்ப எடுக்க வேண்டும்? கழிவுகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு தள்ளுவதானால், புதிதாக உள்ளே வந்த நஞ்சுக்கு வழியே இருக்காது. எல்லாவற்றையும் வெளியே விட்டு, வேண்டியதை மட்டும் தேடி எடுத்தால் தெரியாத கழிவும் தானாகப் போய்விடும். எனக்கு உடம்பில் மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

குளோமருலஸுக்கு ரத்தம் வரும் நுண்தமனி அகலம், போகும் நுண்தமனி குறுகல். தோட்டத்து டியூபின் முனையை விரலால் அழுத்தினால் உள்ளே அழுத்தம் ஏறுகிற மாதிரி. வரும் வழியைத் திறந்து வைப்பது புரோஸ்டகிளாண்டின், போகும் வழியை இறுக்குவது ஆஞ்சியோடென்சின். உடம்பில் தண்ணீர் குறையும்போது வடிதல் நிற்காமல் காப்பது இவை இரண்டும்தான். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் புறப்பட்டுப் பழனிக்கு நடக்கிறவர்கள் கால்வலிக்கு டைக்ளோபினாக் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் நடந்தால் என்ன ஆகும் என்று இப்போது நீயே சொல்லிவிடலாம். அந்த மாத்திரை புரோஸ்டகிளாண்டினைத் தடுப்பதால் வரும் வழி சுருங்கும், அழுத்தம் விழும், சிறுநீர் நின்றுபோகும். அவர் ஏற்கெனவே டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரை சாப்பிடுபவரானால், அது ஆஞ்சியோடென்சினைத் தடுப்பதால் போகும் வழியும் தளர்ந்துவிடும். நீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். வயிற்றுப்போக்கு வந்தவர்களுக்கும் இதே கதைதான். பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது, டாக்டரைக் கேட்க வேண்டும். வலி மாத்திரையைத் தவிர்க்கலாம்.

வடிந்ததில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரையும் உப்பையும் குளோமருலஸை அடுத்த முதல் சுருள் குழாயே திரும்ப எடுத்துவிடுகிறது. சர்க்கரை முழுவதும் அங்கேதான் திரும்புகிறது, சோடியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டும்போது, எடுக்க ஆள் பற்றாமல் மிச்சம் சிறுநீரில் போகும், தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதிகம் போவதும் தாகமும் அதனால்தான். டபாகிலிப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த எடுப்பையே மாத்திரை தடுக்கிறது. ரத்தச் சர்க்கரை சரியாக இருந்தாலும் சிறுநீரில் சர்க்கரை காட்டும், பதறாதே. குடலிலும் சோடியமும் சர்க்கரையும் இப்படிக் கைகோத்தே ஏறும். அதனால்தான் ஓ.ஆர்.எஸ். பொடியில் இரண்டும் இருக்கின்றன. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கரைத்தால் செறிவு கூடிக் குடலுக்குள் தண்ணீரை இழுத்து, போக்கு அதிகமாகும்.

கடைசிக் குழாயில் ஏ.டி.எச். ஹார்மோன் எவ்வளவு தண்ணீர் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்கிறது. எவ்வளவு சுண்டினாலும் கழிவைக் கரைத்து வெளியேற்ற நாளுக்கு அரை லிட்டர் வேண்டும். வார்டில் உனக்கு இது மணிக்கணக்காக வரும்: கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி. தொடர்ந்து அதற்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். கதீட்டர் (சிறுநீர் டியூப்) போட்டவரின் பையில் ஒன்றுமே சேரவில்லை என்றால் முதலில் டியூப் மடிந்திருக்கிறதா, நோயாளியின் தொடைக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறதா, பை படுக்கைக்குக் கீழே தொங்குகிறதா என்று பார். அடிவயிறு உப்பிக் கெட்டியாக இருந்தால் சிறுநீர் உற்பத்தியாகிறது, வெளியேற வழிதான் இல்லை.

கிரியேட்டினினையும் இதோடு சேர்த்துப் படி. அது தசையிலிருந்து ரத்தத்துக்கு வரும் கழிவு, சிறுநீரகம் வடித்து வெளியேற்றுவது. வடிதல் பாதியாகக் குறையும் வரை எண் பெரிதாக ஏறாமலே இருக்கும். உடம்பு வற்றிய எண்பது வயது ஆயாவுக்கு 1.2 என்று வந்தால் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில்கூட அச்சாகாது. தசை குறைந்த அவருக்கு அதுவே பாதிச் சிறுநீரகம் போய்விட்டதற்கு அடையாளமாக இருக்கலாம். எண்ணை மட்டும் பார்க்காமல் வயது, எடை, ஆணா பெண்ணா என்பதையும் பார்க்க வேண்டும். இ.ஜி.எஃப்.ஆர். (வடிதல் வேகத்தின் மதிப்பீடு) என்று பக்கத்தில் போட்டிருந்தால் அதைப் படி.

அடுத்த வாரம் இதயத்தைப் பற்றி எழுதுகிறேன். அதற்குள் நெஃப்ரான் (ஒரு குளோமருலஸும் அதன் குழாயும் சேர்ந்தது) ஒன்றைப் புத்தகம் பார்க்காமல் பெரிதாக வரைந்து, ஒவ்வொரு துண்டிலும் எது வெளியே போகிறது, எது உள்ளே வருகிறது என்று அம்புக்குறி போட்டு, வாட்சப்பில் அனுப்பு. திருத்தித் தருகிறேன்.

அன்புடன்
ஆத்தா