மகளுக்கு, தெறி கட்டுவது பற்றி

களுவாஞ்சிகுடி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவும் நானும் தம்பி குடும்பத்தாரும் சுகமாக இருக்கிறோம். நெடுநாள் பேச்சில்லாமல் இருந்துவிட்டு, "வெட்டுத் துணியில் தெறி செய்வது எப்படி அப்பா?" என்று ஒரு வரியும் கூடவே வெட்டிய சிவப்புப் பட்டுத் துண்டின் படமும் அனுப்பியிருந்தாய். என் தொழிலைப் பற்றி நீ கேட்டது எனக்கு மகிழ்ச்சிதான். உயர்தரம் படித்த காலத்தில், கடைக்கு வந்து ஓரம் மடித்துத் தா என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள் நீ. தொலைபேசியில் சொன்னால் அரைகுறையாகப் போய்விடும் என்றுதான் எழுதுகிறேன். தம்பி இதைப் படம் பிடித்து அனுப்புவான். இதை வாசித்து முடிக்கும்வரை அந்தச் சிவப்புப் பட்டில் மேலும் கத்தரிக்கோல் வைக்காதே.

துணித் தெறிக்கு, அதாவது துணி போர்த்திய பொத்தானுக்கு, முதலில் பார்க்க வேண்டியது துணியை அன்று, உள்ளே வைக்கும் வில்லையை. நான் 1975இல் தொழில் பழகப் போனபோது நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. நல்ல தெறி கடைகளில் அரிதாகத்தான் கிடைத்தது. எனக்குத் தொழில் பழக்கிய முதலாளி, சிரட்டையை வட்டமாக வெட்டி, அரத்தால் ஓரம் தேய்த்து, தைத்து மீந்த துணியாலேயே அதை மூடி, அதே சட்டைக்கு வைப்பார். 1977இற்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டு பிளாஸ்டிக் தெறிகள் அட்டை அட்டையாக வந்து இறங்கியதும் அந்த வேலை கல்யாணச் சட்டைகளோடு நின்றுபோயிற்று. அட்டையை வெட்டி உள்ளே வைத்தால் முதற் கழுவலிலேயே ஊறிப் பிசகிவிடும். இரும்பு வைத்தால் துருக்கறை வெளியே ஏறும். அங்கே சிரட்டைக்கு நீ எங்கே போவாய்? பழைய சேட்டிலிருந்து கழற்றிய தட்டையான பிளாஸ்டிக் தெறியே போதும். மருமகன் கழித்துவிட்ட சேட்டுகள் வீட்டில் கிடக்கும்தானே.

அளவைக் கவனமாக வை. தெறிக் கணக்கில் 40 இலக்கம் என்பது ஓர் அங்குலம். 24 இலக்கம் என்றால் ஏறக்குறைய 15 மில்லிமீற்றர், சட்டையின் முன்பக்கத்துக்கு அதுவே அழகு. மெல்லிய துணியானால் வில்லையின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு விட்டமுள்ள வட்டம் வெட்ட வேண்டும். மருதமுனைக் கைத்தறி போலக் கனத்த பருத்தியானால் அதிலும் சற்றுக் குறைக்கலாம், இல்லாவிட்டால் பின்பக்கத்தில் துணி குவிந்து தெறி சரிந்து நிற்கும். வட்டத்தின் ஓரத்திலிருந்து மூன்று மில்லிமீற்றர் உள்ளே, இரட்டை நூலால், சிறு சிறு ஓட்டுத் தையல் போட்டுச் சுற்றி வந்து, நடுவில் வில்லையை வைத்து நூலை இழுத்தால் அது சுருக்குப் பை போல வாயை மூடிக்கொள்ளும். இழுக்கும்போது அவசரப்படாதே. நூல் அறுந்தால் முழுவதையும் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். பிறகு பின்பக்கத்தில் எதிரெதிர் ஓரங்களைக் குறுக்காக நாலைந்து முறை இழுத்துக் கட்டி, ஒரு சின்னத் துணி வட்டத்தால் அந்த முடிச்சுகளை மறைத்துவிடு.

பட்டு என்றால் வேறு கதை. வெட்டிய ஓரம் உடனே நூல் நூலாகப் பிரியும். ஆகையால் பின்னால் மெல்லிய ஒட்டுக் கன்வஸ் வைத்து அழுத்திவிட்டுத்தான் வட்டம் வெட்ட வேண்டும், தையலையும் ஐந்து மில்லிமீற்றர் உள்ளே தள்ளிப் போட வேண்டும். சிவப்புச் சாயம் பலவேளை கசியும். ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார். சரிகை இருக்கும் இடமோ இன்னும் மோசம், வில்லையின் விளிம்பில் மடிபடும்போது இழை முறிந்து குத்திக்கொண்டு நிற்கும், சூடான ஸ்திரிக்கைப் பெட்டி பட்டால் கறுத்துவிடும். உன் படத்தில் தெரியும் துண்டு, கரையோடு சேர்த்து முந்தானைப் பக்கத்தில் வெட்டியது. எந்தத் தையல்காரனும் தெறிக்கு அந்த இடத்தில் வெட்டமாட்டான். இதைத் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் மட்டுமே சொல்கிறேன்.

சிவப்புப் பட்டுத்தான் வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது. அந்தச் சேலையின் சட்டைத் துண்டில் உனக்குச் சட்டை வெட்டியபோது மீந்ததை பிஸ்கட் ரின்னில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சட்டையின் முதுகில் வைத்த தெறிகளும் அதே துணிதான். இரவிரவாக இருந்து கட்டினேன், உனக்கு நினைவிருக்கும். கரையில்லாத வெறும் பட்டு, ஏறத்தாழ இருபது தெறிக்குக் காணும். அதை அனுப்புகிறேன். நீ மீதியை வெட்டாதே.

போன வருடம் பேசியபோது, மருமகனோடு டோர்செட் என்ற இடத்துக்குப் போய் அங்கே கையால் செய்த தெறிகளைப் பார்த்ததாகச் சொன்னாய். சாஃப்ட்ஸ்பரி ஊரில் 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வேலை என்றும், முதலில் ஆட்டுக்கடாக் கொம்பின் வில்லையில் துணியைப் போர்த்தியவர்கள் பின்னர் கம்பி வளையத்தில் நூல் சுற்றிச் செய்தார்கள் என்றும், 1851இல் லண்டன் பொருட்காட்சிக்கு இயந்திரம் வந்த பிறகு அந்தக் குடும்பங்கள் பிழைப்பிழந்து பல கடல் கடந்து போயின என்றும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாய். அந்தக் குரலில் நீ பேசிக் கேட்டு வெகு நாளாகிறது. கேட்டதைக் கேட்டபடி மனதில் வைத்துக்கொள்ளும் பழக்கம் உனக்குச் சிறு வயதிலேயே இருந்தது என்பதை நான் எல்லாரிடமும் சொல்வேன். அது போலவே சொல்ல வேண்டியதையும் மனதிலேயே வைத்துக்கொள்கிறாய்.

தைத்து முடித்த தெறியைச் சட்டையோடு ஒட்ட வைத்துத் தைக்காதே. அடியில் ஒரு தீக்குச்சியைக் கொடுத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, மிஞ்சிய நூலைச் சுற்றித் தண்டு எழுப்பு. மேல்பக்கம் குவிந்திருப்பதால் தெறிக்கண்ணும் விட்டத்தோடு கனத்தையும் கூட்டிய நீளத்துக்கு இருக்க வேண்டும். பட்டுச் சட்டைக்குக் கண் வெட்டுவதைவிட ஓரத்தில் நூல் வளையம் வைப்பது நல்லது. எவ்வளவு எழுதினாலும், நூலை எந்த மட்டில் இழுத்து நிறுத்துவது என்பது பக்கத்தில் இருந்து பழகினால்தான் கைக்கு வரும்.

அம்மாவுக்கு அந்தப் படத்தை நான் காட்டவில்லை. பிள்ளை என்ன கேட்டிருக்கிறாள் என்றாள். தெறி கட்டும் விதம் கேட்டிருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அவளுடைய கூறை இன்னமும் வேப்பிலை போட்ட பெட்டிக்குள்தான் இருக்கிறது. சுனாமி அன்று அவள் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்பது உனக்குத் தெரியும்.

உன் பேருக்கு எழுதிய வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் தையோடு போய்விட்டார்கள். நான் வேறு ஆள் வைக்கவில்லை. கடையைவிட அங்கே வெளிச்சம் நல்லது என்பதால் மெசினை முன் அறைக்குக் கொண்டுபோய், பகலில் அங்கிருந்துதான் தைக்கிறேன். பின் அறை இரண்டும் பூட்டிக் கிடக்கின்றன, திறப்பு என்னிடம் இருக்கிறது. கிணற்றையும் இறைத்துவிட்டோம். தம்பியும் மச்சாளும் ஏன் இன்னும் ஆள் வைக்கவில்லை என்று கேட்கவில்லை.

பார்சலில் பட்டுத் துண்டுகளோடு, முதலில் கை பழகுவதற்கு மருதமுனைச் சாரத் துண்டுகளும், அரம் போட்ட சிரட்டை வில்லைகள் சிலவும் வைக்கிறேன். பருத்தியில் பத்துத் தெறியாவது கட்டிப் பழகிய பிறகு பட்டைத் தொடு. பார்சல் வரும்வரை அந்தச் சேலையை மடித்து வைத்துவிடு, வெட்டிய துண்டையும் எறியாமல் அதோடு வை. எந்த அளவில், எத்தனை தெறி வேண்டும், அவை யாருடைய சட்டைக்கு என்பதைத் தெளிவாக எழுதி அனுப்பு. பார்சலில் எழுத வேண்டிய விலாசம் பழையதுதானா என்பதையும் சொல்.

இப்படிக்கு,
அப்பா