கொடி அவருக்கு, நிலம் உங்களுடையது: அத்ரியென் அம்மையாருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அத்ரியென் தெ லஃபாயெத் அம்மையாருக்கு,

வணக்கம். பாரிஸின் 12ஆம் வட்டாரத்தில், பிக்ப்யூஸ் தெரு 35ஆம் எண் கதவுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில், அமெரிக்க விடுதலைப் போரில் போரிட்ட பிரெஞ்சுக்காரரான உங்கள் கணவர் லஃபாயெத்தின் தலைமாட்டில் ஓர் அமெரிக்கக் கொடி பறக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 4ஆம் நாள் பழைய கொடியை இறக்கிப் புதியதை ஏற்றுகிறார்கள். 1917இல் அதே நாளில், முதல் உலகப் போருக்காக வந்திறங்கிய அமெரிக்கப் படையின் சார்பில் கர்னல் சார்ல்ஸ் ஸ்டாண்டன் அங்கே நின்று, "லஃபாயெத், இதோ வந்துவிட்டோம்" என்றார். அந்தச் சொல்லும் நாளடைவில் அப்படையின் தளபதி பெர்ஷிங்கின் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது. ஒருவர் செய்ததை அவரைவிடப் பெரிய பெயருக்கு எழுதிவைப்பது வரலாற்றுக்குப் புதிதல்ல. அதை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. லஃபாயெத்தைத் தேடி அந்தத் தோட்டத்துக்கு வருகிறவர்களிடம், அவர் அங்கே கிடப்பதே உங்களால்தான் என்று யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

உங்களுக்கு 14 வயதும் அவருக்கு 16 வயதும் நடந்துகொண்டிருந்த 1774 ஏப்ரலில் திருமணம் நடந்தது. மூன்றே ஆண்டுகளில் அவர் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட அமெரிக்காவுக்குக் கிளம்பினார். அந்தப் பயணத்தை எல்லோரும் வீரச்செயல் என்கிறார்கள். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. லண்டனிலிருந்து திரும்பிய அவர், பாரிஸை ஒட்டிய ஷாயோவில் சில நாள் மறைந்திருந்துவிட்டு, கைக்குழந்தையோடும் வயிற்றில் இன்னொரு குழந்தையோடும் இருந்த உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனார். மூத்தவள் ஹென்றியெத் அவர் திரும்புவதற்குள் இறந்துபோனாள். பிராண்டிவைன் போரில் அவருக்குக் காலில் பட்ட குண்டைப் பற்றி எல்லாப் பாடநூல்களிலும் ஒரு வரி இருக்கும்; ஹென்றியெத்துக்கு இராது. அந்த அமெரிக்க விடுதலைப் போரில் 1778இல் பிரான்ஸ் அரசே இறங்கியதன் விளைவாக, அவ்வாண்டு அக்டோபரிலேயே புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது என்பதையும், சமாதானச் செய்தி கப்பலேறி வந்து சேராததால் 1783 ஜூன் மாதத்தில்கூடக் கடலூரில் இரு நாட்டாரும் மோதிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன். உங்கள் வீட்டுக் கதையின் ஒரு நுனி எங்கள் கரைவரை நீண்டிருக்கிறது.

கயென் தோட்டங்களைப் பற்றி எழுதாமல் உங்களைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. அடிமை முறையைப் படிப்படியாக ஒழித்துக் காட்டலாம் என்று 1785 முதல் உங்கள் கணவர் தென் அமெரிக்கக் கரையில் தோட்டங்களையும், அவற்றோடு அங்கு உழைத்த மக்களையும் விலைக்கு வாங்கினார். கடிதப் போக்குவரத்தும் மேற்பார்வையும் பெரும்பாலும் உங்கள் பொறுப்பு. நோக்கம் நல்லதுதான். ஆனால் விடுதலையைத் தவணை முறையில் கொடுக்க நினைத்தவர்களின் சொத்து, பிரெஞ்சுப் புரட்சியின்போது 1792இல் பறிமுதலானபோது, அந்த மக்களும் சொத்துக் கணக்கிலேயே சேர்ந்தார்கள். 1794 பிப்ரவரி 4 அன்று பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒரே தீர்மானத்தில் ஒழித்தது எந்தத் தேசியப் பேரவை? உங்கள் குடும்பத்தைச் சிறையில் வைத்திருந்த அதே பேரவை. இதை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்க ஆசைதான்.

1792 ஆகஸ்டில் உங்கள் கணவர் எல்லை தாண்டி ஆஸ்திரியர்களிடம் சிக்கினார். செப்டம்பரில் ஷவானியாக் மாளிகையில் உங்களைக் கைது செய்தார்கள். அந்தக் காலத்தில் நாட்டைவிட்டு ஓடியவர்களின் மனைவியர் பலர், உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ள மணவிலக்குப் பெற்றார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? நீங்களோ அதிகாரிகளுக்கு எழுதிய மனுக்களை "லஃபாயெத்தின் மனைவி" என்றே தொடங்கினீர்கள். உங்களை வெறும் மனைவியாகப் பார்க்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்ளும் எனக்கு இது சங்கடமான ஆதாரம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்வதே தலைக்கு விலையாகக்கூடிய நாளில் அதை எழுத்தில் வைத்தது, கணவனுக்குள் கரைந்துபோன ஒரு பெண்ணின் செயலாக எனக்குப் படவில்லை. எதிரியின் மேசைமீது தன் பெயரைத் தானே ஓங்கி வைத்தவரின் செயலாகவே படுகிறது.

1794 ஜூலை 22 அன்று நீங்கள் பாரிஸில் வேறொரு சிறையில் இருந்தீர்கள். அன்று மாலை உங்கள் பாட்டியையும் தாயையும் அக்கா லூயிஸையும் கொலைமேடைக்குப் போகும் வண்டியில் ஏற்றினார்கள். இறுதி நேரத்தில் பாவமன்னிப்பு அளிப்பதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்த பாதிரியார் கரிஷோன், அடையாளத்துக்காக முன்பே சொல்லிவைத்தபடி கருநீலக் கோட்டும் சிவப்பு உள்சட்டையும் அணிந்து, வண்டியோடு தெருத்தெருவாக நடந்தார். கூட்டத்தில் அவர்களின் கண்ணில் படவே முடியவில்லை. திரும்பிவிடலாம் என்று நினைத்த நேரத்தில் இடியும் காற்றுமாக மழை கொட்டியது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒதுங்க ஓடினார்கள், காவலரின் வரிசையும் குலைந்தது. நனைந்தபடி அவர் வண்டிக்கு அருகே வந்து தலையசைக்க, கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்த அந்தப் பெண்கள் தலை குனிந்தார்கள். ஓடும் வண்டிக்கும் நடக்கும் மனிதருக்கும் இடையே சடங்கு முடிந்தது. இதை எழுதிவைத்தவர் கரிஷோன்தான். இந்தத் தலைவெட்டுகளின் ஆட்சிக்கு முகமாக இருந்த ரோபெஸ்பியர் வீழ இன்னும் ஐந்து நாட்களே இருந்தன.

உங்களைக் காப்பாற்றியதில் அமெரிக்கர்களுக்குப் பங்கு உண்டு. வாஷிங்டன் அரசியல் காரணங்களால் வெளிப்படையாகத் தலையிட முடியாமல், உங்கள் கணவருக்குத் தான் தர வேண்டிய பழைய கடன் என்ற சாக்கில் 2,310 கில்டர்களை ஆம்ஸ்டர்டாமில் உங்கள் பெயருக்கு வைத்தார். அமெரிக்கத் தூதர் மன்றோவின் மனைவி எலிசபெத், ஊரறியக் கோச்சு வண்டியில் சிறைவாசலுக்கே வந்து உங்களைப் பார்த்தார். 1795 ஜனவரி 22 அன்று வெளியே வந்தீர்கள். மகன் ஜார்ஜை வாஷிங்டனிடம் அனுப்பினீர்கள், நீங்களும் போயிருக்கலாம். மாறாக, அமெரிக்கக் கடவுச்சீட்டோடு இரு மகள்களையும் அழைத்துக்கொண்டு வியன்னா சென்று, பேரரசர் பிரான்சிஸை நேரில் கண்டு, கணவரை விடுவிக்க வேண்டும், இல்லையேல் அவரோடு சிறையிருக்க விட வேண்டும் என்று கேட்டீர்கள். இரண்டாவதுதான் கிடைத்தது.

இன்று செக் நாட்டில் ஒலோமோட்ஸ் என்று அழைக்கப்படும் ஊரின் சிறைக்கதவு 1795 அக்டோபரில் உங்களுக்குத் திறந்தது. அங்கே கத்தியும் முள்கரண்டியும் தராமல் விரல்களால் உண்ண வைத்தார்கள் என்று உங்கள் வாழ்க்கையை எழுதியவர்கள் பதறுகிறார்கள். அன்றாடம் கையால் உண்ணும் எங்களுக்கு அது பெரிதாக உறைப்பதில்லை. உறைப்பது வேறு: கைகால்கள் வீங்கி, காய்ச்சல் விடாமல் அடித்தபோது, மருத்துவத்துக்காக ஒரு வாரம் வியன்னா போய்வர அனுமதி கேட்டீர்கள், போகலாம், ஆனால் திரும்பி வர முடியாது என்று பதில் வந்தது. நீங்கள் போகவில்லை. தாள் கிடைக்காத அறையில், புஃபோனின் இயற்கை வரலாற்று நூலின் ஓரங்களில், பல்குத்தும் குச்சியை மையில் தோய்த்து, கொல்லப்பட்ட தாயின் வாழ்க்கையை எழுதினீர்கள். 1797 செப்டம்பரில் விடுதலை கிடைத்தது. ஆனால் போன உடல்நலம் முழுதாகத் திரும்பவேயில்லை.

பிரான்ஸ் திரும்பியதும் நீங்களும் தங்கை போலினும் தேடியது அந்த மூவரின் உடல்கள் புதைந்த இடத்தை. லேஸ் வேலை செய்து பிழைத்த, மத்மோசேல் பாரிஸ் என்ற ஏழைப் பெண் அதைக் காட்டினாள். தன் தகப்பனின் உடலும் உடன்பிறந்தவனின் உடலும் கிடந்த வண்டியைத் தொலைவிலிருந்து பின்தொடர்ந்து, எங்கே கொட்டினார்கள் என்று பார்த்துவைத்தவள் அவள். 1794 ஜூன் 14 முதல் ஜூலை 27 வரை, இன்று நாசியோன் எனப்படும் சதுக்கத்தில் தலை வெட்டப்பட்ட 1,306 பேர் பிக்ப்யூஸில் இரண்டு குழிகளில் கிடக்கிறார்கள். குழிகள் இருந்த நிலத்தை ஒரு ஜெர்மானிய இளவரசி முன்பே இரகசியமாக வாங்கியிருந்தார். 1802இல் சந்தா திரட்டிப் பக்கத்து நிலத்தை வாங்கி, வழிபாட்டுக்கும் கல்லறைக்கும் வழிசெய்தவர்கள் நீங்களும் உங்களைப் போன்ற குடும்பத்தாரும். 1807 டிசம்பர் 24 இரவில் இறந்த நீங்கள், தாயின் குழிக்கு அருகே அங்கே அடக்கமானீர்கள். 1834இல், அமெரிக்க விடுதலைப் போர்க்களமான பங்கர் ஹில்லிலிருந்து கொண்டுவந்த மண்ணைத் தூவி, உங்கள் கணவரை உங்கள் பக்கத்தில் வைத்தார்கள்.

கடைசியாக ஒரு வழக்கு, இது உங்கள் மேலேயேதான். சிற்றாலயத்தின் சுவர்ப் பளிங்கில் 1,306 பெயர்களும் வயதோடும் தொழிலோடும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களில் 1,109 பேர் ஆண்கள், 197 பேர் பெண்கள். ஆண்களில் 579 பேரும் பெண்களில் 123 பேரும் சாதாரண மக்கள், பாதிக்கும் மேல். ஆயினும் குழிகளை ஒட்டிய கல்லறைத் தோட்டம், நிலம் வாங்கச் சேர்ந்த குடும்பங்களின் வழிவந்தவர்களுக்கே உரியதாயிற்று. அங்கே நடந்தால் கல்லுக்குக் கல் கோமகன், கோமாட்டி என்றே படிக்க வேண்டியிருக்கிறது. வழி காட்டியவள் லேஸ் வேலைக்காரி. அவளுடைய தகப்பனும் உடன்பிறந்தவனும் உங்கள் தாய் கிடக்கும் அதே மண்ணில் கிடக்கிறார்கள். சந்தாப் பட்டியலைத் தயாரித்தபோது, பணம் கட்ட வழியில்லாத அந்த 702 வீட்டாரின் நினைப்பு உங்களில் யாருக்காவது வந்ததா, அம்மையீர்?

இப்படிக்கு,
உங்கள் மீது மதிப்புக் குறையாத ஒரு தமிழ் வாசகன்