கடைசி ரயிலுக்கு ஒரு பஸ் வேண்டும்

சென்னைப் புறநகரின் ரயில் நேரத்தையும் பஸ் நேரத்தையும் வகுக்கும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

தாம்பரத்துக்குத் தெற்கே, தண்டவாளத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஸ்டேஷன் வாசலிலிருந்து இரவு பத்தேகாலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ் நின்றுபோன விவரம் உங்களுக்குத் தெரியும். அதை மீண்டும் விடச் சொல்லிக் குடியிருப்போர் நலச்சங்கம் கொடுத்த மனுவும் உங்கள் கோப்பில் இருக்கிறது. சென்ற வாரம் அதற்குப் பதில் வந்தது. "போதிய பயணிகள் இல்லாததால் மேற்படி நடையை இயக்க இயலவில்லை." அவ்வளவுதான். கீழே ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை.

அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் கோரிக்கையை மறுபடியும் சொல்கிறேன். இரவின் கடைசி மின்சார ரயில் வந்து சேரும்வரை, புறநகர் ஸ்டேஷன்களின் வாசலில் ஒரு பஸ் நிற்க வேண்டும். எங்கள் ஊருக்கு மட்டும் கேட்கவில்லை. ஆவடிக்கும் மீஞ்சூருக்கும் சேர்த்தே கேட்கிறோம்.

பத்தேகால் பஸ்ஸில் ஏன் ஆள் ஏறவில்லை என்பதை உங்களில் ஒருவர் ஓர் இரவு வந்து நின்று பார்த்திருந்தால் புரிந்திருக்கும். சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வரும் ரயில் அட்டவணைப்படி பத்து மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் ஊருக்கு வர வேண்டும். தென்மாவட்டங்களுக்குப் போகும் எக்ஸ்பிரஸ் வண்டிகள் எழும்பூரிலிருந்து கிளம்பிக்கொண்டிருக்கும் நேரம் அது. அவற்றுக்கு வழிவிட்டு மின்சார ரயில் தாம்பரத்தையொட்டி எங்காவது சிக்னலில் நின்றுவிடும். பத்து இருபதுக்கு வரும். சில நாள் பத்தரை ஆகிவிடும். பஸ் பத்தேகாலுக்குச் சரியாகக் கிளம்பிவிடும். ஓட்டுநரைக் குறை சொல்ல மாட்டேன். தாமதமாக எடுத்தால் டிப்போவில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ரயில் எங்கே நிற்கிறது என்று அவருக்குச் சொல்லவும் ஆள் இல்லை. காலியாகப் போன வண்டியின் டிக்கெட் கணக்கு உங்கள் மேசைக்கு வந்தது. ஐந்து நிமிடம் கழித்து நடைமேம்பாலத்தின் படிகளில் இறங்கி வந்த கூட்டம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இரண்டு அட்டவணைகளையும் அருகருகே வைத்துப் பார்க்காத குற்றத்துக்குப் பயணிகளைக் காரணம் காட்டியிருக்கிறீர்கள்.

அந்தக் கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலோர் மாம்பலத்தில் ஏறும் பெண்கள். ரங்கநாதன் தெருவிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் துணிக்கடை, பாத்திரக்கடைகளில் வேலை பார்ப்பவர்கள். வாடிக்கையாளர் பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்கி, வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டு வெளியே வருவதற்குள் ஒன்பது மணி தாண்டிவிடும். நாள் முழுவதும் நின்றே வேலை பார்க்கும் இவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. நல்ல காரியம். அதே பெண்கள் இரவு பத்தரைக்கு ஸ்டேஷன் வாசலில் மறுபடியும் நிற்கிறார்கள்.

இறங்கியதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஆள் சேர்ப்பார்கள். ஐந்து பேர் தேறினால் ஷேர் ஆட்டோவில் தலைக்கு நாற்பது ரூபாய். நான்கு பேர் என்றால் ஐந்தாவது ஆளின் காசையும் அவர்களே பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். தனியாக நிற்பவரிடம் இருநூறு கேட்பார்கள். கொடுக்க முடியாதவர்கள் அடுத்த ரயிலில் தங்கள் பக்கத்து ஆள் யாராவது வருவார்களா என்று காத்திருப்பார்கள். போன மாதம் ஓர் இளம்பெண் சாப்பாட்டுக் கூடையை நெஞ்சோடு அணைத்தபடி டிக்கெட் கவுண்டர் விளக்கின் கீழே நின்றிருந்தாள். அப்பா சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறார் என்றாள். அவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவலாளி. கேட்டைப் பூட்டிச் சாவியை மாடியில் ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு, மகளை ஏரிக்கரைச் சாலை வழியாக வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுபடியும் வேலைக்குத் திரும்ப வேண்டும். அந்தச் சாலையில் பாதிக் கம்பங்களில் விளக்கு எரிவதில்லை. அந்த அடுக்குமாடியின் செயலாளர் கண்ணில் பட்டால் அப்பாவின் வேலை போய்விடும் என்று பயந்துகொண்டே சொன்னாள். ஒரு பஸ் இல்லாததால் ஒரு வீட்டில் இரண்டு பேரின் பிழைப்பு ஊசலாடுகிறது.

2021 மே முதல் நகரச் சாதாரணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காலையில் இந்தப் பெண் ஸ்டேஷனுக்குக் காசில்லாமல்தான் வருகிறாள். இரவில் அதே நான்கு கிலோமீட்டருக்கு நாற்பது ரூபாய் கொடுக்கிறாள். ஆட்டோவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. ரயில் சீசன் டிக்கெட்டுக்குக்கூட அவ்வளவு ஆவதில்லை. பஸ்ஸே வராத நேரத்தில் இலவசப் பயணம் அவளுக்கு எப்படிக் கிடைக்கும்?

இந்தப் புறநகரை வளர்த்ததே ரயில்தான். 1931 மே 11 அன்று கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகருக்கு மனை பிரித்தார்கள். சைதாப்பேட்டைக்கு அப்பால் அன்றைக்குப் பெரும்பாலும் வயலும் ஏரியும்தான். அங்கே வீடு கட்டினால் நகரத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்ப முடியும் என்ற நம்பிக்கையை அந்த வண்டி கொடுத்தது. குரோம்பேட்டையும் தாம்பரமும் இன்றைய அளவுக்குப் பெருகியது அந்த நம்பிக்கையில்தான். முதலில் குடிவந்தவர்கள் ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மனை வாங்கினார்கள். அவர்களுக்குக் கடைசி ரயில் வந்தால் போதும், பஸ் தேவைப்படவில்லை.

நடந்துபோகும் தூரத்தில் மனை தீர்ந்த பிறகுதான் எங்கள் கதை தொடங்குகிறது. முடிச்சூர், மண்ணிவாக்கம், மாடம்பாக்கம், மேடவாக்கம், குன்றத்தூர் என்று தண்டவாளத்தை விட்டு விலகி வீடுகள் பரவின. "ரயில் நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்" என்ற விளம்பரத்தை நம்பி எங்களைப் போன்றவர்கள் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள் அவை. இந்த ஊர்களுக்கு உயிர் கொடுக்க வேண்டியது பஸ். 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தொடங்கிய காலத்திலிருந்து இன்றுவரை பஸ் வந்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான தடங்களைப் பாரிமுனையிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் வெளியே நீட்டிக்கொண்டே போனீர்கள். ரயில் போகும் திசையிலேயே, தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் பஸ்ஸும் போகிறது. ஸ்டேஷனிலிருந்து குறுக்கே, ஊருக்குள் போகும் பஸ்தான் எங்களுக்கு என்றும் குறைவு. அந்தக் குறையைப் போக்க 2013-ல் சிற்றுந்துகள் வந்தபோது மகிழ்ந்தோம். எங்கள் பக்கத்தில் அவையும் நாளடைவில் கண்ணில் படாமல் போயின.

ரயிலுக்கு ஓர் அலுவலகம், பஸ்ஸுக்கு ஓர் அலுவலகம், மெட்ரோவுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் வேலையை முடித்துக்கொள்கிறது. தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயிலைப் பாருங்கள். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை வந்தது, 1997-ல் மயிலாப்பூர், 2007-ல்தான் வேளச்சேரி. அங்கிருந்து பரங்கிமலையில் மின்சார ரயிலோடு இணைக்க 2008-ல் தொடங்கிய வேலை, ஆதம்பாக்கத்தில் சுமார் அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கில் ஆண்டுக்கணக்கில் நின்றது. கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே 2023 ஆகஸ்டில் ரயிலை நிறுத்தியபோது ஏழு மாதம் என்றார்கள். திரும்ப ஓடப் பதினான்கு மாதம் ஆனது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் அவ்வளவு பெரிய பஸ் முனையத்தைத் திறந்தார்கள். எதிரே சாலைக்கு அப்பால் தண்டவாளம் ஓடுகிறது, திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. மாடி கட்டிக் கிரகப்பிரவேசமும் முடித்த பிறகு படிக்கட்டுக்கு அளவெடுப்பதைப் போன்றது இது. ஊரிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கிய முதியவர்கள் பெட்டியையும் மூட்டையையும் சுமந்துகொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி தேடி அலைந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

இவற்றையெல்லாம் ஒருங்கிணைக்கத்தான் 2010-ல் சென்னைக்கென ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையச் சட்டம் வந்தது. அந்த அமைப்பின் முதல் கூட்டம் 2022 நவம்பரில் நடந்தது. இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். 2010-ல் பிறந்த குழந்தை அதற்குள் ஆறாம் ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டது. அதே 2022-ல் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். வரைபடத்தில் எங்களைச் சேர்ப்பதற்குக் காட்டிய வேகத்தை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் காட்டியிருக்கலாம். 2025-ல் ரயில், பஸ், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே செயலியில் ஒரே டிக்கெட் வந்தது. வரவேற்கிறேன், பயன்படுத்துகிறேன். டிக்கெட்டை ஒன்றாக்க முடிந்த உங்களால் நேரத்தை ஒன்றாக்க முடியாதா? பத்து மணி இருபது நிமிடத்துக்கு ரயிலை விட்டு இறங்குபவருக்குப் பத்தேகால் பஸ்ஸின் டிக்கெட் செல்பேசியில் இருந்து என்ன பயன்?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2018 ஜூலையில் பரங்கிமலை ஸ்டேஷனில், கூட்டம் பிதுங்கிய ரயிலின் படியில் தொங்கி வந்த இளைஞர்கள் நடைமேடையை ஒட்டிய சுவரில் மோதி இறந்தார்கள். வழக்கமான பாதையில் கோளாறு ஏற்பட்டு அந்த ரயிலை விரைவுப் பாதைக்கு மாற்றி விட்டிருந்தார்கள். அந்தச் சுவர் அங்கே இருப்பது அதிகாரிகளுக்கு அதற்கு முன் தெரியாதா? உயிர் போன பிறகுதான் இந்த நகரத்தில் கோப்பு நகரும் என்றால், எங்கள் ஏரிக்கரைச் சாலையில் இரவு பதினொரு மணிக்கு நடந்துபோகும் பெண்கள் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்கும்போதே எனக்கு உடம்பு பதறுகிறது. அந்தப் பதிலில் கையெழுத்திட்டவருக்கும் பதற வேண்டும் என்று விரும்புகிறேன்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஓட்டுநர்கள், நடத்துநர்கள், சிக்னல் ஊழியர்கள் எல்லோரும் எங்களைப் போல இரவில் வீடு திரும்ப வேண்டியவர்கள்தான். அவர்கள் மேல் சுமை ஏற்றச் சொல்லவில்லை. எங்களுக்கு மெட்ரோ வேண்டாம், மேம்பாலம் வேண்டாம், குளிர்சாதன ரயிலும் வேண்டாம். அவை வரும்போது வரட்டும். நாங்கள் கேட்பதற்கு நிலம் எடுக்க வேண்டியதில்லை, டெண்டர் விட வேண்டியதில்லை. டிப்போவுக்குத் திரும்பும் கடைசி வண்டிகளில் ஒன்றை ஸ்டேஷன் வழியாக விடுங்கள். அது புறப்படும் நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் ரயிலோடு கட்டுங்கள். ரயில் தாம்பரத்தைத் தாண்டிவிட்டதா என்று ஸ்டேஷன் மாஸ்டர் அறையிலிருந்து டிப்போவுக்கு ஒரு போன் வந்தால் போதும். பதினைந்து நிமிடம் காத்திருந்ததற்காக ஓட்டுநரிடம் விளக்கம் கேட்க மாட்டோம் என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள்.

மூன்று மாதம் இப்படி ஓட்டிவிட்டு அதன் பிறகு பயணிகளை எண்ணுங்கள். அந்தக் கணக்கை ஸ்டேஷன் வாசலிலேயே ஒட்டுங்கள். அப்போதும் வண்டி காலியாகப் போனால் சங்கத்தின் சார்பில் நானே மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதுவரை "போதிய பயணிகள் இல்லை" என்ற வரியை எங்களுக்கு எழுதாதீர்கள்.

அடுத்த கால அட்டவணை தயாராகும் முன், ரயில், பஸ் இரு அலுவலகங்களிலிருந்தும் தலா ஒருவர் ஓர் இரவு பத்து மணிக்கு எங்கள் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ரயிலிலேயே வாருங்கள். இரவின் கடைசி மின்சார ரயில் வந்து சேரும்வரை வாசலில் ஒரு பஸ் நிற்க வேண்டும் என்ற எங்கள் கோரிக்கைக்கு, அதைப் பார்த்த பிறகு பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தாம்பரத்துக்குத் தெற்கே வசிக்கும் ஒரு சீசன் டிக்கெட் பயணி