பழைய சைக்கிள் வாங்க நூல்கண்டோடு போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலைக்குப் போய்வர எந்த சைக்கிள் வாங்கலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். அதில் இருந்த சைக்கிள் எல்லாமே புதுசு, எல்லாமே அலுமினியம், 30,000 ரூபாய்க்குக் கீழே ஒன்றுகூட இல்லை. தறி ஓட்டுகிறவரோ பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவரோ அந்த விலையைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுவார். பழைய ஸ்டீல் டூரிங் சைக்கிளைப் பற்றி, அதாவது சாமான் ஏற்றிக்கொண்டு தொலைதூரம் போவதற்கென்றே செய்த சைக்கிளைப் பற்றி, ஒரு வரியாவது எழுதியிருக்கலாம் என்ற ஆதங்கத்தில்தான் இந்தக் கடிதம்.

நான் பல்லடத்திலிருந்து காரணம்பேட்டைக்குத் தினமும் சைக்கிளில் போகிறவன். காலையில் மேற்கே பார்த்துத்தான் மிதிக்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நேராக நெஞ்சில் அடிக்கும், கேத்தனூர் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே காற்று. அப்பாவின் 24 இஞ்ச் பிரேம் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிய காலத்தில், வேலைக்குப் போய்ச் சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். டூரிங் சைக்கிளில் ஹேண்டில்பார் கீழே வளைந்திருப்பதால் குனிந்து பிடித்துக்கொள்ளலாம், கியரைக் குறைத்துக்கொள்ளலாம். கேரியருக்கும் மட்கார்டுக்கும் போல்ட் போட பிரேமிலேயே ஓட்டை வைத்திருப்பார்கள். திரும்பும்போது சந்தையில் வாங்கிய காய்கறி 10 கிலோவை ஏற்றினாலும் வண்டி ஆடாது.

ஆனால் பார்த்து வாங்க வேண்டும். முதலில் நான் ஏமாந்தேன். பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்த ஒன்றை 4,000 ரூபாய்க்கு வாங்கினேன், மூன்றே வாரத்தில் கையை விட்டால் இடப்பக்கமாக இழுத்தது. எங்கள் ஊர் மிஸ்திரி வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஹேண்டில் தண்டு நுழைகிற முன்குழாய், அதாவது ஹேண்டில் குழாய்க்குப் பின்னால், அங்கிருந்து பெடல் பக்கம் இறங்குகிற கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் என் விரலை வைத்துத் தடவச் சொன்னார். பெயின்டுக்கு அடியில் மெல்லிய மேடு, துணி மடிந்த மாதிரி. எதிலேயோ நேருக்கு நேர் மோதிய வண்டி. விற்றவர் போனையே எடுக்கவில்லை.

அப்புறம்தான் மிஸ்திரி நூல் வித்தையைக் காட்டினார். பின்சக்கரம் மாட்டுகிற இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கம் அதே இடத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை இரண்டு பக்கமும் ஸ்கேலால் அளந்தால் ஒன்றுபோல இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரேம் கோணியிருக்கிறது, பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். நூலுக்கு நம்ம ஊரில் பஞ்சமில்லை.

பணம் கொடுக்கும் முன் சீட்டை ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள், துருவில் பிடித்துக்கொண்டால் அதை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். செயினில் ஒரு பின்னிலிருந்து 24 கண்ணி தள்ளி அளந்தால் புதுசில் சரியாக 12 அங்குலம் இருக்கும். 12⅛ வந்தால் செயின் தேய்ந்துவிட்டது, பின்சக்கரத்துப் பல்சக்கரமான பிரீவீலும் சேர்ந்தே தேய்ந்திருக்கலாம், அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். மேலோட்டமான துரு, கிழிந்த சீட், காய்ந்த பிரேக் கட்டை இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. பிரேம் நேராக இருக்கிறதா, உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிறதா, அதுதான் முக்கியம்.

இப்போது நான் ஓட்டுவது கோவையில் பணி ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடந்த இங்கிலாந்து ரேலே கம்பெனி டூரிங் சைக்கிள், 7,500 ரூபாய். அதில் இருந்தது 27 இஞ்ச் ரிம். நம்ம ஊர் 28 இஞ்ச் டயர் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன், ஆகாது. 27 இஞ்ச் ரிம்முக்கு டயர் உட்காரும் விட்டம் 630 மில்லிமீட்டர், நம்ம பழைய சைக்கிளுக்கு 635. தேடி அலைந்தும் டயர் கிடைக்காமல், கடைசியில் இப்போது எங்கும் கிடைக்கிற 700சி என்கிற 622 மில்லிமீட்டர் அளவு ரிம் வாங்கினேன், மிஸ்திரியே ஸ்போக்ஸ் கோத்து, சக்கரம் கோணாமல் சுற்றும்படி கோட்டம் எடுத்துக் கொடுத்தார். பிரேக் கட்டையை மட்டும் 4 மில்லிமீட்டர் கீழே இறக்க வேண்டியிருந்தது. சக்கரத்தின் நடுவில் இருக்கிற புது ஹப் அகலம் கூடுதலாக இருந்ததால், பின்சக்கரத்தைப் பிடிக்கிற பிரேமின் பின்பக்கக் கால்களையும் கொஞ்சம் அகட்டினார். ஸ்டீல் என்பதால் அது முடிந்தது, அலுமினியத்தில் அதைச் செய்யவே கூடாது. ரிம், டயர், கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு 5,000 ரூபாய் ஆனது.

கோவை, ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் இப்படிப்பட்ட வண்டிகள் மூலையில் கிடக்கின்றன. தயவுசெய்து அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், ஓட்டுகிறவர் கையில் கொடுங்கள். ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சைக்கிள் கட்டுரை போடும்போது ஷோரூமோடு நிறுத்தாமல், கோட்டம் எடுக்கத் தெரிந்த பழைய மிஸ்திரி ஒருவரிடமும் பேசிப் போடுங்கள். எங்கள் மிஸ்திரிக்கு 70 வயதாகிறது, கடையில் தொழில் பழக ஒரு பையன்கூட இல்லை.

இப்படிக்கு,
வாசகர், பல்லடம்